ஈ90 320ஐ: அதிகம் செலவில்லாம 30 மிமீ இறக்க எது சரியான வழி?

கருநீலம்320 கேட்டது:

வண்டி பிஎம்டபிள்யூ 3 சீரீஸ், ஈ90 320ஐ. பெட்ரோல், மேனுவல், சாதாரண சஸ்பென்ஷன் (எம் ஸ்போர்ட் இல்லை). 1,40,000 கிமீ ஓடியிருக்கு, ஷாக் அப்சார்பர் நாலும் கம்பெனியில் இருந்து வந்ததே. வீல் 17 அங்குலம், டயர் ரன்ஃப்ளாட் (காத்து போனாலும் கொஞ்ச தூரம் ஓடும் வகை). டயருக்கும் ஃபெண்டருக்கும் நடுவில் நாலு விரல் தாராளமா நுழையுது. 30 மிமீ இறங்கினா போதும். டிராக்குக்கெல்லாம் போகப்போறது இல்லை, தினசரி ஓட்டம்தான்.

மூணு வழி யோசிச்சிருக்கேன்.
1. இருக்கிற ஸ்பிரிங்கில் ஒரு சுத்து வெட்டுறது. செலவே இல்லை.
2. லோயரிங் ஸ்பிரிங் மட்டும் வாங்கி பழைய ஷாக்கிலேயே மாட்டுறது.
3. பேர் கேள்விப்படாத பிராண்டு காயிலோவர் (உயரத்தைத் திருகி மாத்தக்கூடிய ஸ்பிரிங்-ஷாக் தொகுப்பு) செட்.

எதில் காசு வீணாகாது? வேலையை நானே செய்யலாம்னு இருக்கேன்.

டார்க்ரெஞ்ச்:

முதல் ரெண்டு வழியிலும் ஷாக்கை மாத்துறதைப் பத்தி பேச்சே இல்லை. காசு முதலில் போக வேண்டிய இடம் அதுதான்.

வெட்டுறதில் இருந்து ஆரம்பிக்கலாம். "வெட்டினா ஸ்பிரிங் உடைஞ்சிடும்"னு பொத்தாம்பொதுவா சொல்றதை விட்டுட்டு கணக்கைப் பாருங்க. ஒரு உதாரண ஸ்பிரிங்: வேலை செய்யும் சுத்து 6, விறைப்பு மிமீக்கு 30 நியூட்டன், கழட்டி வச்சா நீளம் 330 மிமீ. வண்டியின் எடை ஏறினதும் 120 மிமீ அமுங்கி 210 மிமீயில் நிக்குது. சுத்துக்குச் சுத்து 35 மிமீ. ஒரு சுத்து போனா வண்டி இறங்கப் போறது இந்த 35 மிமீதான், ஏன்னா மிச்சம் இருக்கிற ஒவ்வொரு சுத்தும் முன்னாடி எவ்வளவு அமுங்குச்சோ அதே அளவுதான் இப்பவும் அமுங்கும். விறைப்பு சுத்து எண்ணிக்கைக்குத் தலைகீழா மாறும்: 6-ல் 1 போச்சுன்னா 30 இருந்தது 36 ஆகும், அதாவது 20 சதவீதம் கூடுது. இதுவரைக்கும் பார்த்தா நல்லாத்தானே இருக்குன்னு தோணும்.

சிக்கல் வண்டியை ஜாக்கியில் தூக்கும்போது தெரியும். சக்கரம் முழுசா கீழே தொங்கும்போது ஸ்பிரிங் உட்காரும் ரெண்டு தட்டுக்கும் நடுவில் இருக்கும் தூரம் ஷாக்கின் நீளத்தைப் பொறுத்தது. அது மாறாது. நிற்கும் நிலையில் இருந்து 90 மிமீ கீழே தொங்கும்னு வச்சா அந்த தூரம் 300 மிமீ. பழைய ஸ்பிரிங் 330, அதனால தொங்கும்போதும் 30 மிமீ இறுக்கத்தோட உட்கார்ந்திருக்கும். வெட்டின ஸ்பிரிங்கின் நீளம் 275. இப்போ 25 மிமீ காலி. வேகத்தில் மேடு தாண்டி சக்கரம் தொங்கின ஒரு கணத்தில் ஸ்பிரிங் தட்டை விட்டு நகர்ந்து, திரும்பி வரும்போது கோணலா உட்காரும். "டக்"னு சத்தம் வருதுன்னு ஜனங்க சொல்றது இதைத்தான். அடுத்தது அந்த வெட்டின முனை. ஸ்பிரிங் முனைக்குன்னே தட்டில் ஒரு படி இருக்கும். வெட்டின முனை அதில் சரியா பொருந்தாம ஒரே புள்ளியில் அழுத்தி பெயின்டை உரிக்கும், அந்த இடத்தில் துரு பிடிக்கும், விரிசல் அங்கேயிருந்துதான் கிளம்பும். கேஸ் கட்டரில் வெட்டினா இன்னும் மோசம், சூடு பட்ட பகுதியில் எஃகின் பதம் போயிடும். ஸ்பிரிங்கைச் சூடு காட்டி உட்கார வைக்கிற வேலைக்கும் இதே பதில்தான், அந்தப் பேச்சையே எடுக்காதீங்க.

வாங்குற லோயரிங் ஸ்பிரிங்கில் ஒரு முனையில் ரெண்டு மூணு சுத்து நெருக்கமா இருக்கே, அது எதுக்குன்னா, வண்டி நிற்கும்போது அந்தச் சுத்துகள் கிட்டத்தட்ட ஒட்டிக்கிட்டு சும்மா இருக்கும். சக்கரம் தொங்கும்போது விரிஞ்சு அந்தக் காலி இடத்தை நிரப்பும். நீங்க காசு கொடுக்கிறது அதுக்குத்தான்.

இப்போ வழி 2. லோயரிங் ஸ்பிரிங் பெரும்பாலும் ஒரிஜினலை விட விறைப்பு கூடுதல். 30 சதவீதம் கூடுதல்னு வச்சா, அதே கட்டுப்பாட்டுக்குத் தேவைப்படும் டேம்பிங் (ஷாக் ஆட்டத்தை அடக்கும் திறன்) 1.3-இன் வர்க்கமூலம், அதாவது சுமார் 1.14 மடங்கு. புது ஷாக்கே தேவையை விட சுமார் 12 சதவீதம் பின்தங்கும். 1,40,000 கிமீ ஓடின ஷாக் எங்கே நிற்கும்? போட்ட அன்னைக்கு பார்க்க அழகா இருக்கும், ஹைவேயில் பாலத்து ஜாயின்ட் ஏறினா முன்பக்கம் ரெண்டு மூணு தடவை ஆடிட்டுத்தான் நிற்கும். சீக்கிரமே சீல் கசியலாம். அப்புறம் ஷாக் மாத்த எல்லாத்தையும் மறுபடி கழட்டணும், அலைன்மென்ட் மறுபடி. ஒரே வேலைக்கு ரெண்டு தடவை செலவு.

என் கணக்கில் செலவு போக வேண்டிய வரிசை: ஷாக் நாலு, பம்ப் ஸ்டாப் (ஷாக் ராடில் இருக்கும் முட்டு) நாலு, முன் டாப் மவுன்ட் (ஷாக்கின் மேல்முனையை பாடியோடு சேர்க்கும் பிடி) ரெண்டு, அதுக்கப்புறம் ஸ்பிரிங். 30 மிமீ இறக்கத்துக்கு ராடு நீளம் குறைஞ்ச ஷாக் வேணும். பில்ஸ்டீனில் பி4 ஒரிஜினலுக்கு மாற்று, பி6 சாதாரண நீளம், பி8 லோயரிங் ஸ்பிரிங்குக்குன்னே நீளம் குறைச்சது. பி8-ஐயும் ஐபாக் கம்பெனியின் புரோ-கிட் லோயரிங் ஸ்பிரிங்கையும் ஒண்ணா சேர்த்து பி12-ன்னு விக்கிறாங்க; தனித்தனியா வாங்குற விலையோட ஒப்பிட்டுப் பாருங்க. ஐபாக்கிலேயே ஸ்போர்ட்லைன் இன்னும் கீழே இறங்கும், தினசரி ஓட்டத்துக்கு அது வேண்டாம்.

பழைய_பிஸ்டன்:

அவ்வளவு செலவு எதுக்கு? ஈ90-க்கு கம்பெனியே எம் ஸ்போர்ட் சஸ்பென்ஷன் கொடுத்தது, சாதாரண வண்டியை விட 15 மிமீ கீழே நிக்கும். உடைச்ச வண்டியில் இருந்து அந்த ஸ்பிரிங் நாலும் எடுத்துக்கோங்க, மிச்சமாகிற காசில் புது ஷாக் வாங்குங்க. அலைன்மென்ட் எல்லைக்குள்ளேயே நிக்கும், டயர் உரசாது, ஹெட்லைட் பிரச்சினையும் பெரிசா வராது. 30 கேட்ட இடத்தில் 15 கம்மியா தெரியலாம், ஆனா உங்க ஸ்பிரிங் 1,40,000 கிமீயில் எவ்வளவு உட்கார்ந்திருக்குன்னு அளந்து பார்த்தீங்களா?

டார்க்ரெஞ்ச்:

நல்ல யோசனை. ஒரு எச்சரிக்கை மட்டும். பிஎம்டபிள்யூவில் "இந்த மாடலுக்கு இந்த ஸ்பிரிங்"னு ஒரே நம்பர் கிடையாது. இன்ஜின், கியர்பாக்ஸ், சன்ரூஃப் மாதிரி எடை கூட்டுற ஒவ்வொண்ணுக்கும் புள்ளி போட்டு, மொத்தப் புள்ளியை வச்சுத்தான் ஸ்பிரிங் நம்பரை முடிவு பண்றாங்க. 6 சிலிண்டர் டீசல் வண்டியின் முன் எம் ஸ்போர்ட் ஸ்பிரிங்கை 4 சிலிண்டர் பெட்ரோலில் போட்டா முன்பக்கம் இறங்காது, ஏறினாலும் ஏறும்! "எம் ஸ்போர்ட் ஸ்பிரிங் போட்டேன், ஒண்ணும் ஆகலை"ங்கிற புகார்களில் பல இதனாலதான். 4 சிலிண்டர் பெட்ரோல் வண்டியில் இருந்து கழட்டினதையே தேடுங்க, ஸ்பிரிங்கில் இருக்கும் பெயின்ட் கோடு இடது வலது ரெண்டிலும் ஒரே மாதிரி இருக்கான்னு பாருங்க. கடைசி அரைச் சுத்தில் துரு பொருக்கு உரியுதுன்னா வாங்காதீங்க. உடையுறது பெரும்பாலும் அங்கேதான்.

கருநீலம்320:

ரெண்டு பேருக்கும் நன்றி. வெட்டுற யோசனை போச்சு. ஷாக் புதுசு, லோயரிங் ஸ்பிரிங் புதுசு, 30 மிமீ. காயிலோவர் பத்தி யாரும் சொல்லலையே? மாட்டும்போது எங்கே தப்பு நடக்கும்னும் சொன்னா உதவியா இருக்கும்.

சக்கரக்கோணம்:

காயிலோவரை ரெண்டு வரியில் முடிச்சிடலாம். உயரத்தை மாத்தி மாத்தி வைக்கிற தேவை இருந்தாத்தான் அது. உங்களுக்கு ஒரே உயரம் போதும்ங்கிறப்போ, மலிவான செட்டில் காசு திருகு மரைக்குப் போயிடும், உள்ளே இருக்கிற வால்வுக்குப் போகாது. போதாததுக்கு, மழையும் சேறும் படுற இடத்தில் காலர் (உயரம் மாத்தத் திருகுற வளையம்) இறுகிப் போச்சுன்னா அதுவும் ஒரே உயரம்தான்.

இப்போ வேலை.

கழட்டுறதுக்கு முன்னாடி நாலு மூலையிலும் வீல் ஹப்பின் மையத்தில் இருந்து நேர் மேலே ஃபெண்டர் விளிம்பு வரைக்கும் அளந்து எழுதி வைங்க. தரையில் இருந்து அளக்காதீங்க, டயர் காத்து கூடக் குறைய இருந்தா அளவு பொய் சொல்லும். இந்த நாலு எண்ணும் கடைசியில் ரொம்ப முக்கியம்.

முதல் நாளே போல்ட், நட்டு எல்லாத்துக்கும் துரு இளக்கும் எண்ணெய் அடிச்சு விடுங்க. வண்டி ஸ்டாண்டில் உட்காரணும், ஜாக்கியை நம்பி கீழே கையை விடக் கூடாது.

முன்பக்கம்: ஸ்டெபிலைசர் லிங்க்கை (வண்டி சாயாம தடுக்கும் கம்பியை இணைக்கும் குச்சி) கழட்டணும். பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் வயர் ரெண்டையும் ஸ்ட்ரட்டில் (ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒண்ணா சேர்ந்த தொகுப்பு) இருக்கும் பிடியில் இருந்து எடுத்துடணும். ஈ90-இல் ஸ்ட்ரட் குழாய் நக்கிளுக்குள் (சக்கரத்தைத் தாங்கும் பாகம்) சொருகி ஒரே கிளாம்ப் போல்ட்டில் நிக்குது. போல்ட்டை உருவினாலும் சும்மா வராது, நக்கிளின் பிளவில் ஆப்பு வச்சு லேசா விரிக்கணும். "லேசா"ங்கிறதை கவனிங்க. உளியை வச்சு சுத்தியலால் அடிச்சுப் பிளந்தா நக்கிள் விரிசல் விடும். ஸ்ட்ரட் வெளியே வந்ததும் நக்கிள் வெளிப்பக்கம் சாயும். அதை உடனே கம்பியால் கட்டி நிறுத்துங்க, பிரேக் ஹோஸில் தொங்க விடாதீங்க.

திரும்பச் சொருகும்போது ஸ்ட்ரட்டில் இருக்கும் சின்ன நாக்கு அந்தப் பிளவுக்குள் வரணும், குழாய் அடிவரைக்கும் போய் முட்டணும். 5 மிமீ மேலேயே நின்னுட்டா அந்தப் பக்கம் 5 மிமீ உயரம். அதைப் பார்த்துட்டு ஸ்பிரிங் மேல சந்தேகப்படுவீங்க.

ஸ்பிரிங் கம்ப்ரெஸர் (ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கருவி): இந்த வேலையில் ஆள் சாகக்கூடிய இடம் இது, அவசரமே கூடாது. ரெண்டு கம்ப்ரெஸரையும் நேர் எதிரெதிரா மாட்டணும், கொக்கிகள் முடிஞ்சவரை அதிகச் சுத்துகளைப் பிடிக்கணும், மரைக்கு கிரீஸ் தடவணும். இந்தப் பக்கம் ரெண்டு திருப்பு, அந்தப் பக்கம் ரெண்டு திருப்புன்னு மாத்தி மாத்தி கையாலேயே இறுக்குங்க. இம்பாக்ட் கன் வேண்டாம். டாப் மவுன்ட் கையால சுத்தினா தளர்வா சுத்துதுன்னு தெரிஞ்ச பிறகுதான் நடு நட்டைத் தொடணும். ஸ்ட்ரட்டின் முனை உங்க முகத்தையோ அடுத்தவர் முகத்தையோ பார்க்கக் கூடாது. புது ஸ்பிரிங் நீளம் குறைவுங்கிறதால, மாட்டும்போது கம்ப்ரெஸர் வேலை ரொம்பக் கம்மியா இருக்கும்.

அந்த நடு நட்டை இறுக்கும்போதும் இம்பாக்ட் கன் கூடாது. ராடு நட்டோட சேர்ந்து சுழலும், உள்ளே சீலும் பிஸ்டனும் கெடும். ராடின் தலையில் சாவியைப் பிடிச்சுக்கிட்டு வெளியே ரிங் ஸ்பேனரால் இறுக்கணும். ராடை பிளையர்ஸால் பிடிக்கவே பிடிக்காதீங்க. கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறல் போதும், சீலை அரம் மாதிரி தின்னும்.

பம்ப் ஸ்டாப்: 30 மிமீ இறக்கினதும் ஷாக் ராடு அந்த 30 மிமீ உள்ளே போய் நிக்குது. மேலே போக முன்னாடி 60 மிமீ இடம் இருந்துச்சுன்னா இப்போ பாதி. பழைய நீளத்திலேயே பம்ப் ஸ்டாப்பை விட்டா ஒவ்வொரு குழிக்கும் வண்டி அதுமேலதான் உட்காரும், "லோயரிங் ஸ்பிரிங் கல்லு மாதிரி இருக்கு"ன்னு பழி ஸ்பிரிங் மேல விழும். ஷாக்கோடு குட்டையான ஸ்டாப் வந்தா அதையே போடுங்க. வரலைன்னா ஸ்பிரிங்கோடு வந்த தாளில் எவ்வளவு வெட்டணும்னு இருக்கும், அதை மட்டும் வெட்டுங்க. கூம்பு முனையை வெட்டிடாதீங்க, தடிச்ச பக்கத்தில் வெட்டணும். மெல்ல மெல்ல இறுகுறதுக்குத்தான் அந்த முனை. அதை வெட்டிட்டா முட்டின உடனே சுவரில் இடிச்ச மாதிரி இருக்கும். மொத்தமா எடுத்து எறியுறவங்களும் உண்டு: அப்போ ஷாக்கின் உள்பாகமே ஸ்டாப் ஆகிடும்.

பின்பக்கம் ஸ்பிரிங் வேற, ஷாக் வேற. கீழ் ஆர்மை (சக்கரத்தை வண்டியோடு சேர்க்கும் கை) ஜாக்கியில் தாங்கிக்கிட்டு ஷாக்கின் கீழ் போல்ட்டையும் ஆர்மின் வெளிப்போல்ட்டையும் எடுத்து, ஜாக்கியை மெதுவா இறக்கினா ஸ்பிரிங் தளரும். ஜாக்கியை சட்டுனு இறக்கினா ஸ்பிரிங் பறக்கும். மேலே கீழே ரப்பர் பேட் நைஞ்சிருந்தா மாத்திடுங்க. பேட்டின் படியில் ஸ்பிரிங் முனை சரியா உட்காரலைன்னா அந்த மூலை சில மிமீ தூக்கலா நிக்கும்.

இனி நிறைய பேர் விடுற தப்பு. ஆர்ம் போல்ட்களை வண்டி ஸ்டாண்டில் இருக்கும்போது, சக்கரம் தொங்குற நிலையில், முழுசா இறுக்கிடுறாங்க. ஆர்மின் மூட்டில் இருக்கும் புஷ்ஷின் ரப்பர் நடுக்குழாயோடு ஒட்டி வார்த்தது, அது சுழலாது, முறுக்கத்தான் செய்யும். தொங்குற நிலையில் இறுக்கி வண்டியை இறக்கினா ரப்பர் எப்பவும் முறுக்கின நிலையிலேயே இருக்கும். சில மாசத்தில் கிழியும். அதுவரைக்கும் அந்த முறுக்கே வண்டியைத் தூக்கிப் பிடிச்சு "போதுமான அளவு இறங்கலை"ன்னு காட்டும். சரியான முறை: நீங்க எழுதி வச்ச ஹப்-ஃபெண்டர் அளவில் 30 கழிச்சு, அந்த அளவு வரும்வரை ஜாக்கியால் ஆர்மைத் தூக்கி, அப்போ டார்க் ரெஞ்சில் (இறுக்கத்தை அளந்து இறுக்கும் ஸ்பேனர்) இறுக்கணும். முன் ஆர்மை இந்த வேலைக்குக் கழட்ட வேண்டியதில்லை. ஆனா உயரம் மாறினதால அதன் புஷ் போல்ட்களையும் தளர்த்தி, புது உயரத்தில் மறுபடி இறுக்குறது நல்லது. எந்த போல்ட்டுக்கு எவ்வளவுங்கிறதை உங்க வண்டியின் சர்வீஸ் மேனுவலில் பார்த்துக்கோங்க. ஒரு தடவை மட்டும் பயன்படுத்தணும்னு அதில் குறிச்சிருக்கும் போல்ட், நட்டுகளை புதுசாவே போடுங்க.

பழைய_பிஸ்டன்:

மேலே எழுதினது எல்லாம் சரி. ரன்ஃப்ளாட்டை மட்டும் யாரும் தொடலை. பக்கச்சுவரே இரும்பு மாதிரி இருக்கிற டயர் அது. அதோட லோயரிங் ஸ்பிரிங்கும் சேர்ந்தா சின்னச் சின்னக் குழியெல்லாம் முதுகில் தெரியும். டயர் மாத்துற நேரம் நெருங்கிடுச்சுன்னா சாதாரண டயருக்கு மாறிடுங்க. இந்த வண்டியில் ஸ்டெப்னிக்கு இடம் கிடையாது, பங்சர் கிட்டும் காத்தடிக்கிற பம்பும் டிக்கியில் இருக்கணும்.

கருநீலம்320:

அலைன்மென்ட் எப்போ பண்ணணும்? கேம்பர் நெகட்டிவ் ஆகி (சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாஞ்சு) டயரின் உள்பக்கம் தேயும்னு பயமுறுத்துறாங்க. கேம்பர் ஆர்ம், ரோல் சென்டர் கிட் எல்லாம் கண்டிப்பா வாங்கணுமா?

சக்கரக்கோணம்:

30 மிமீக்கு எதுவும் வாங்க வேண்டாம். டயரைத் தின்னுறது பெரும்பாலும் டோ (மேலிருந்து பார்த்தா சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம்), பழி மட்டும் கேம்பருக்கு. ஒரு சக்கரம் 1 டிகிரி டோ தப்பி நின்னா அது ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சுமார் 17 மீட்டர் பக்கவாட்டில் இழுபடுற மாதிரி. கால் டிகிரி தப்பினாலே 4 மீட்டருக்கு மேல. டோ சரியா இருந்தா 1.5, 2 டிகிரி நெகட்டிவ் கேம்பரில் டயர் கிட்டத்தட்ட முழு ஆயுளும் ஓடும்.

ஈ90-இல் முன்பக்கம் சாதாரணமா திருப்பி வைக்க முடியுறது டோ மட்டும்தான். பின்பக்கம் கேம்பர், டோ ரெண்டுக்கும், திருப்பினா கோணம் மாறுற மாதிரி, மையம் விலகின போல்ட் இருக்கு. பல வருஷமா அசையாததா இருந்தா துருப்பிடிச்சு நிக்கும். அலைன்மென்ட் கடைக்குப் போறதுக்கு முன்னாடி நீங்களே அது சுத்துதான்னு பார்த்துடுங்க. அங்கே போய் "திரும்பலை சார்"னு கையை விரிச்சா போன காசு போனதுதான்.

எப்போங்கிறதுக்கு: ஸ்பிரிங் முதல் சில நூறு கிமீயில் இன்னும் கொஞ்சம் உட்காரும். மாட்டின அன்னைக்கு டோவை மட்டும் கண்ணுக்கு நேரா வச்சுக்கோங்க, 300 முதல் 500 கிமீ ஓடினதும் ஹப்-ஃபெண்டர் அளவை மறுபடி எடுங்க, இடது வலது வித்தியாசம் 5 மிமீக்குள் இருந்தா அலைன்மென்ட்டுக்குப் போங்க. வழக்கமா வண்டியில் எவ்வளவு எடை இருக்குமோ அதே எடையோட போகணும்.

ரோல் சென்டர் (வளைவில் வண்டி எந்தப் புள்ளியைச் சுத்தி சாயுதோ அது) விஷயத்தை "இன்னும் 20 மிமீ இறக்கலாமே"ன்னு ஆசை வரும்போது நினைச்சுக்கோங்க. இந்த வண்டியின் முன்பக்கம் இருக்கிற மாதிரி மெக்பர்சன் ஸ்ட்ரட்டில் வண்டி இறங்க இறங்க கீழ் ஆர்மின் வெளிமுனை மேலே ஏறும். ஆர்ம் கிடைமட்டத்தைத் தாண்டி வெளிமுனை உயர்ந்துட்டா ரோல் சென்டர், ஈர்ப்பு மையத்தை விட வேகமா கீழே போயிடும், ரெண்டுக்கும் நடுவில் நெம்புகோல் நீளும். வண்டி கீழே நிக்குது, ஆனா வளைவில் முன்னை விட அதிகமா சாயுது! அதைச் சரிக்கட்ட இன்னும் விறைப்பான ஸ்பிரிங், அதுக்கு இன்னும் பெரிய ஷாக்னு செலவு நீண்டுக்கிட்டே போகும். வண்டி தரையில் நிற்கும்போது முன் ஆர்மை எட்டிப் பாருங்க, கிடைமட்டமா இருந்தா அங்கேயே நிறுத்திடுங்க.

ஜெனான் ஹெட்லைட் இருந்தா ஆர்மில் மாட்டியிருக்கும் உயர சென்சாரின் குச்சி வளையாம ஒடியாம இருக்கான்னு பார்த்து, புது உயரத்தை ஸ்கேனரில் பூஜ்ஜியமா பதிவு பண்ணணும். இல்லைன்னா உயரம் மாறினதை சரக்கு ஏத்தின வண்டின்னு நினைச்சு வெளிச்சத்தைத் தப்பா திருப்பும். ஹேலஜன்னா சுவருக்கு எதிரே நிறுத்தி திருகாணியில் சரி பண்ணிக்கலாம்.

கருநீலம்320:

சரி. மாட்டின பிறகு பம்ப் ஸ்டாப்பில் இடிக்குதா, டயர் உரசுதான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஓட்டும்போது ரெண்டும் ஒரே சத்தமா கேட்கும்னு படிச்சேன்.

டார்க்ரெஞ்ச்:

சத்தத்தை வச்சு எதுவும் முடிவு பண்ணாதீங்க. பின் ஷாக்கின் தூசி உறையைக் கொஞ்சம் மேலே தூக்கி, ராடில் மெல்லிசா ஒரு பிளாஸ்டிக் டை கட்டி, ஷாக் உடம்போடு ஒட்டித் தள்ளி வைங்க. நழுவுற அளவுக்குத்தான் இறுக்கம். பத்து கிமீ வழக்கமான ரோட்டில், பின் சீட்டில் ரெண்டு பேரோட ஓட்டிட்டு வந்து பாருங்க. சக்கரம் அதிகபட்சம் எவ்வளவு மேலே போச்சோ அந்த இடத்தில் டை நிற்கும். ஸ்டாப்பின் கூம்பு முனையைத் தொட்டு நின்னா சரி, அதுக்குத்தான் முனை. ஸ்டாப் பாதிக்கு மேல நசுங்குற அளவுக்கு ஏறியிருந்தா ஷாக் போதலை அல்லது ஸ்டாப்பின் நீளம் தப்பு. முன்பக்கமும் இதே வேலைதான், உறையைத் தூக்க ஸ்பிரிங் சுத்துக்கு நடுவில் விரலை நுழைக்கணும், வண்டி அசையாம நிற்கும்போது மட்டும்.

உரசலுக்கு ஃபெண்டர் உள்விளிம்பிலும் அதுக்குள்ளே இருக்கும் பிளாஸ்டிக் லைனரிலும் சாக்பீஸ் பூசிட்டு, ஸ்டீயரிங்கை ரெண்டு பக்கமும் முழுசா ஒடிச்சு மெதுவா ஒரு வேகத்தடை ஏறி இறங்குங்க. சாக்பீஸ் அழிஞ்ச இடம்தான் உரசுற இடம். லைனரின் முன்பக்கம் அழிஞ்சா பெரும்பாலும் லைனர் கிளிப் ஒண்ணு விட்டுப் போயிருக்கும். முதலில் அதை மாட்டிட்டு மறுபடி சோதிங்க.